கல்லிடைக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போனால் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

கல்லிடை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 71. வலது கண்ணில் விழித்திரையின் நடுவில் துளை விழுந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சென்னையில் நாள் குறித்திருக்கிறோம். நெல்லையிலேயே, மதுரையிலேயே நல்ல கண் மருத்துவமனைகள் இருக்கின்றன, அது தெரியும். ஆனால் சிகிச்சை முடிந்து பல நாள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அக்கா சேலையூரில் இருக்கிறாள், அதனால் சென்னைதான் எங்களுக்குத் தோது.

அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு, நெடுநேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்கிவிடுகிறது. அதனால் விமானத்தில் கூட்டிப்போகலாம் என்று நினைத்து இணையத்தில் தேடினேன். அங்கேதான் குழப்பம். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு விமான தூரம் 555 என்று ஒரு பக்கம், 345 என்று இன்னொரு பக்கம், 300 என்று மூன்றாவது பக்கம். நேரம் 1 மணி 12 நிமிடம் என்று போட்டிருக்கிறது. டிக்கெட் எடுக்கிற இடத்தில் பார்த்தால் தூத்துக்குடியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறது. அதைவிட, திருநெல்வேலியில் விமான நிலையமே கிடையாதே, பிறகு எந்த இடத்திலிருந்து இந்தத் தூரத்தை அளக்கிறார்கள்?

வாகைக்குளம் (அதுதான் தூத்துக்குடி விமான நிலையம்), மதுரை, திருவனந்தபுரம் மூன்றில் கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்கு எது சரியாக வரும்? வீட்டு வாசலில் கிளம்பி அக்கா வீட்டு வாசலில் இறங்கும் வரை எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட வேண்டும். விமானத்தில் நாங்கள் யாருமே இதுவரை போனதில்லை. போய்வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.


பாளை கணக்காசிரியர்:

தங்கச்சி, முதலில் அந்த மூன்று எண்களைத் தீர்த்துவிடுவோம். மூன்றும் ஒரே தூரம்தான். 555 என்பது கிலோமீட்டர், 345 என்பது மைல், 300 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானத்துறையில் தூரத்தைக் கடல் மைலில்தான் சொல்வார்கள், அதனால் அந்த எண்ணும் இணையத்தில் வந்துவிடுகிறது.

இனி அந்த 555. திருநெல்வேலி ஊர் நடுவில் ஒரு புள்ளி, சென்னை நடுவில் ஒரு புள்ளி, இரண்டையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்து அளந்தது. திருநெல்வேலியில் விமானம் ஏற முடியுமா என்று அந்தப் பக்கங்கள் பார்ப்பதே இல்லை, உலகத்தில் எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் இதேபோல் ஒரு எண் வரும். நேரத்தையும் கணினியே போட்டுவிடுகிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் 555-ஐ வகுத்தால் 42 நிமிடம், ஏறி இறங்க 30 நிமிடம் சேர்த்தால் உங்கள் 1 மணி 12 நிமிடம் வந்துவிட்டது பாருங்கள். அது ஜெட் விமானத்தின் வேகம்.

உண்மையான தூரம் வாகைக்குளம் ஓடுபாதையிலிருந்து மீனம்பாக்கம் ஓடுபாதை வரை. நேர்கோட்டில் சுமார் 525 கிலோமீட்டர். மதுரை விமான நிலையத்திலிருந்து என்றால் 415-ஐ ஒட்டி வரும், திருவனந்தபுரத்திலிருந்து 610-ஐ ஒட்டி. இதே பயணம் சாலையில் நெல்லையிலிருந்து 620 கிலோமீட்டருக்கு மேல், ரயிலில் 650-க்கு மேல்.

வாகைக்குளத்தில் ஓடுபாதை பல வருடம் 1,350 மீட்டர்தான் இருந்தது. 1992-இல் விமான நிலையம் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். அந்த நீளத்தில் இறங்கக்கூடியது காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம். அது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் போகும். 525 கிலோமீட்டருக்கு அதுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. இப்போது ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள், பெரிய ஜெட் விமானமும் இறங்கலாம். ஆனாலும் உங்கள் டிக்கெட்டில் ஏடிஆர் என்று போட்டிருந்தால் ஒன்றரை மணி என்று காட்டுவது சரியான நேரம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. டிக்கெட்டில் போடுகிற நேரம் பறக்கிற நேரம் மட்டும் கிடையாது. நின்ற இடத்திலிருந்து விமானம் அசைகிற நேரம் தொடங்கி, சென்னையில் போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிற வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, காற்றடிக்கிற திசையைப் பார்த்து ஏறி அப்புறம் சென்னைப் பக்கம் திரும்புவது, சென்னையில் இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். வரிசை நீண்டால் வானத்திலேயே வட்டமடிக்கச் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நடக்கும், அப்பா பயந்துவிடாமல் முன்பே சொல்லி வையுங்கள்.

வாசலிலிருந்து வாசலுக்கு நான் போடுகிற கணக்கு இது. கல்லிடையிலிருந்து வாகைக்குளம் 1 மணி 45 நிமிடம், விமான நிலையத்தில் காத்திருப்பு இன்னொரு 1 மணி 45 நிமிடம், விமானம் ஒன்றரை மணி, சென்னையில் இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 40 நிமிடம், சேலையூருக்கு 40 நிமிடம். மொத்தம் 6 மணி 20 நிமிடம். இணையத்தில் பார்த்த 1 மணி 12 நிமிடத்தை நம்பி மத்தியானம் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிடாதீர்கள்.


கே.டி.சி. நகர் வண்டிக்காரன்:

வாகைக்குளத்துக்கு வாடகை வண்டி ஓட்டுகிறவன் நான். வாரத்தில் நாலைந்து தடவையாவது போய்வருவேன். சார் சொன்ன ஒன்றே முக்கால் மணி சரிதான், ஆனால் எந்த வழியில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேட்டை, டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை என்று ஊருக்குள் நுழைந்தால் காலை எட்டரைக்கு மேல் சிக்கிக்கொள்வீர்கள், பள்ளிக்கூட வண்டியெல்லாம் அந்த நேரம்தான். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, முன்னீர்ப்பள்ளம் என்று வந்து நான்குவழிச் சாலையைப் பிடித்து கே.டி.சி. நகர் பாலத்துக்கு வந்துவிடச் சொல்லுங்கள். அங்கிருந்து தூத்துக்குடி ரோட்டில் அரை மணி நேரம்தான். வல்லநாடு தாண்டினதும் கண்ணுக்கு விரிந்த பொட்டல், பக்கத்திலேயே விமான நிலையம்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும், வல்லநாட்டில் தாமிரபரணி மேல் இருக்கிற பாலம். அதைப் பல தடவை பழுது பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தை அடைத்து வேலை செய்கிறபோது போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாம் ஒரே பாலத்தில் ஊர்ந்துதான் போகும். முந்தின நாள் யாராவது தூத்துக்குடி போகிற ஆளிடம் கேட்டுவிட்டால் போதும். மழைக்காலமாக இருந்தால் இன்னும் கவனம். 2023 டிசம்பர் 17, 18-ஆம் தேதி வெள்ளத்தில் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ரோடே அறுந்து கிடந்தது. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் வண்டியில் இருந்த குடும்பம் பாதி வழியில் திரும்பி வந்தது.

பஸ்ஸில் போகலாமா என்று கேட்பீர்கள். தூத்துக்குடி பஸ் எல்லாம் அந்த வழிதான், ஆனால் நிற்காமல் போகிற பஸ்ஸும் இருக்கிறது, நடத்துனரிடம் கேட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கினாலும் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். முழங்கால் வலியோடு பெட்டியும் தூக்கிக்கொண்டு அது வேண்டாம்.

விமானம் கிளம்புகிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பெட்டி வாங்குகிற கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். போன வருஷம் நான் கூட்டிப்போன ஒரு அண்ணாச்சி ஐம்பது நிமிஷம் இருக்கும்போது உள்ளே போனார், விமானம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஏற விடவில்லை. மகளின் வளைகாப்புக்குப் போகிறவர். அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் நான் யாரை ஏற்றினாலும் இரண்டு மணி நேரம் முன்னால் இறக்கிவிடுவேன்.

2025 ஜூலையில் திறந்த புதுக் கட்டிடம் பெரிது, பழையது மாதிரி நாலு எட்டு வைத்தால் விமானம் என்று இல்லை. அப்பாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கிறபோதே பதிந்துவிடுங்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. ஏடிஆரில் பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும், சொல்லி வைத்திருந்தால் ஏற்றிவிடவும் ஆள் வருவார்கள். அப்புறம், அக்காவுக்குக் கல்லிடை அப்பளம் கொண்டு போகாமல் இருக்க மாட்டீர்கள், தாராளமாகக் கொண்டு போகலாம். கொப்பரை மட்டும் வேண்டாம். எண்ணெய்ப் பசை உள்ளது, தீப்பிடிக்கும் என்று எந்தப் பெட்டியிலும் வைக்க விடமாட்டார்கள். ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள்.


தென்காசிச் சாரல்:

எங்கள் பக்கத்து அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், கடையம், பாவூர்சத்திரம், ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் யாராவது படித்தால் உதவும். தென்காசியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நாங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாகப் போவோம். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஊர் ஊராக நுழைந்து போகிற ரோடு அது. விமானம் ஒன்றே கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது, ஆனால் மிச்சமாகிற அந்தக் கால் மணி நேரத்துக்காக ரோட்டில் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டுமா என்று யோசியுங்கள். கல்லிடையிலிருந்து மதுரைக்கு வரவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

திருவனந்தபுரம் செங்கோட்டை வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான். ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று போகும். தூரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, முழுக்க வளைவு, லாரி முன்னால் போனால் பின்னாலேயே போக வேண்டியதுதான். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு அந்த விமான நிலையம் நல்லது, என் தம்பி அங்கிருந்துதான் போய்வருகிறான். சென்னைக்குப் போக, அதுவும் முழங்கால் வலி உள்ளவரைக் கூட்டிக்கொண்டு, அந்த வழி சரிப்படாது. உங்கள் ஊரிலிருந்து செங்கோட்டைக்கு வருகிற தூரம் வேறு தனி.


வள்ளியூரான்:

நாங்கள் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் ஆட்களும் இதே கணக்கில்தான் மாட்டுவோம். வாகைக்குளம் போனால் வடக்கே நெல்லைக்குப் போய்ப் பிறகு கிழக்கே போக வேண்டும், திருவனந்தபுரம் போனால் நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசல். நேரம் வாகைக்குளத்துக்குக் குறைவு, நான்குவழிச் சாலை இருப்பதால். டிக்கெட் விலையை மட்டும் பார்த்துத் திருவனந்தபுரத்தில் எடுத்தவர்கள் வண்டி வாடகையில் அதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். உங்களுக்கு யோசனையே வேண்டாம், வாகைக்குளம்தான்.


கல்லிடை மகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கணக்காசிரியர் அண்ணாச்சி, 345-உம் 300-உம் ஒரே தூரம் என்பது இப்போதுதான் புரிந்தது, அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், அவர் காகிதத்தில் வகுத்துப் பார்த்துச் சரி என்று சொன்னார். வண்டிக்கார அண்ணன் சொன்ன முன்னீர்ப்பள்ளம் வழியிலேயே வருகிறோம்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம் அக்கா வீட்டில் இருந்துவிட்டு, அதே மாதிரி விமானத்திலேயே திரும்பலாம் என்று இருக்கிறோம். போக, வர இரண்டுக்கும் சேர்த்து எடுத்தால் குறைவாக வருகிறது. அப்படியே பதிந்துவிடலாமா?


மேலப்பாளையம் செவிலி:

மகளே, திரும்பி வருகிற டிக்கெட்டை இப்போது எடுக்காதே. கண் அறுவைப் பிரிவில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன், இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசி.

விழித்திரை நடுவில் துளை விழுந்தால் பெரும்பாலும் செய்கிற சிகிச்சை இதுதான்: கண்ணுக்குள் இருக்கிற கூழை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வாயுவை நிரப்புவார்கள். அந்த வாயுக் குமிழ் உள்ளிருந்து விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், துளை மூடும். குமிழ் எப்போதும் மேலேதான் மிதக்கும், அதனால் அது கண்ணின் பின்பக்கத்தில் போய் அழுத்துவதற்காகத்தான் சில நாள் முகத்தைக் குப்புற வைத்திருக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் ஆள் வேண்டும் என்று உங்களிடம் சொன்னதும் இதற்காகத்தான் இருக்கும்.

அந்த வாயு கண்ணுக்குள் இருக்கும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. விமானத்துக்குள் காற்றை அடைத்து வைத்திருந்தாலும் தரையில் இருக்கிற அளவு அழுத்தம் உள்ளே இருக்காது. உயரத்தில் பறக்கும்போது ஏறக்குறைய கொடைக்கானலில் இருக்கிற அளவுக்கு அழுத்தம் குறையும். வெளியே அழுத்தம் குறைந்தால் கண்ணுக்குள் இருக்கிற வாயு விரியும். விரிந்தால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறி, நரம்புக்கு ரத்தம் போவதே நின்றுவிடலாம். வலியோடு பார்வையும் போகும், திரும்ப வராது. ஒரு மணி நேரப் பயணம்தானே என்று நினைக்க வேண்டாம், ஏறுகிற அந்த இருபது நிமிடமே போதும். மலையும் அப்படித்தான். உங்கள் ஊரிலிருந்து மாஞ்சோலைக்கு வண்டியேறுவது சாதாரண விஷயம், அப்பாவை மருத்துவர் சொல்லும் வரை அங்கே கூட்டிப்போகாதே.

வாயு தானாகவே கரைந்துவிடும். எத்தனை நாளில் என்பது எந்த வாயு வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது, ஒரு வகைக்கு இரண்டு மூன்று வாரம், இன்னொரு வகைக்கு இரண்டு மாதம் வரை கூட ஆகும். அப்பாவுக்கே தெரியும், பார்வையில் நீர்மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடும், குமிழ் சின்னதாக ஆக ஆக அந்தக் கோடு கீழே இறங்கும். ஆனால் முழுக்கக் கரைந்துவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் விமானம். சிலருக்கு வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைப்பார்கள், அதற்கு இந்தத் தடை கிடையாது, ஆனால் எண்ணெயைப் பிறகு இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கும். எதை வைக்கப் போகிறார்கள் என்று மருத்துவரிடம் நீயே வாய் திறந்து கேள். இந்த நாட்களில் வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தாலும் கண்ணில் வாயு இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும், மயக்கத்துக்குத் தருகிற நைட்ரஸ் ஆக்சைடும் அந்தக் குமிழை விரியவைக்கும்.

சிகிச்சைக்கு முன்னால் விமானத்தில் போவதில் இந்தப் பயம் எதுவும் இல்லை. போகிறது விமானம், வருகிறது ரயில் என்று வைத்துக்கொள். சென்னையிலிருந்து நெல்லை வரை ரயில் பாதை மலையேறுவது கிடையாது.


சேலையூர் நெல்லைக்காரன்:

செவிலி அக்கா சொன்னதை மருத்துவமனையிலும் சொல்லித்தான் அனுப்புவார்கள், ஆனால் டிக்கெட் எடுத்த பிறகு தெரிந்தால் பணமும் போய் மனக்கஷ்டமும் ஆகியிருக்கும். நல்ல நேரத்தில் சொன்னீர்கள்.

உங்கள் அக்கா ஊரில்தான் நானும் இருக்கிறேன், பத்து வருடமாக மாதம் ஒரு தடவை மூன்றடைப்புக்குப் போய்வருகிறேன், அதனால் ரயில் விவரம் நான் சொல்கிறேன். வந்தே பாரத் 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, சென்னையிலிருந்து மத்தியானம் மூன்று மணிக்குள் கிளம்பி இரவு பதினோரு மணிக்குள் நெல்லை. தாம்பரத்தில் நிற்கும், எழும்பூர் வரை போக வேண்டாம். வேகம், சுத்தம் எல்லாம் சரி, ஆனால் முழுக்க உட்கார்ந்துதான் வர வேண்டும். உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வீங்கும் என்று சொல்கிறீர்கள், அப்புறம் இறங்கிய பிறகு அந்த நேரத்தில் கல்லிடைக்கு வண்டி பிடித்துப் போய்ச் சேர நடுநிசி தாண்டிவிடும். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நெல்லை எக்ஸ்பிரஸில் வாருங்கள். இரவு தாம்பரத்தில் ஏறினால் காலையில் நெல்லை. 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, டிக்கெட் எடுக்கும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். கீழ்ப் படுக்கையில் குப்புறப் படுத்து வரவும் வசதி, இரவில் எழுந்திருக்கவும் வசதி. இப்போது 60 நாள் முன்பதிவுதான், திருவிழா, பள்ளி விடுமுறை சமயத்தில் திறந்த அன்றே தீர்ந்துவிடும். என்றைக்குத் திரும்புவது என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் இரண்டு தேதிக்கு எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றை ரத்து செய்வது நல்லது. விமான டிக்கெட் ரத்தில் போகிற பணத்தோடு பார்த்தால் இது சின்னத் தொகை.

பொதிகையில் வரலாமா என்று தோன்றலாம், அது விருதுநகரிலிருந்து ராஜபாளையம், தென்காசி பக்கம் போய்விடும். கல்லிடைக்கு நெல்லையில் இறங்குவதுதான் நேர். காலையில் செங்கோட்டை பாசஞ்சர் பிடித்தால் உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே இறங்கலாம்.


கல்லிடை மகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செவிலி அக்கா சொன்ன மாதிரியே வாயுதான் வைத்திருக்கிறார்கள், கையில் ஒரு பட்டை கட்டி விமானம் ஏறக் கூடாது என்று அதில் எழுதியும் விட்டிருக்கிறார்கள். போக வர சேர்த்து டிக்கெட் எடுக்காமல் விட்டது உங்களால்தான் அக்கா.

போன பயணத்தின் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன், அடுத்துப் போகிறவர்களுக்கு ஆகும். காலை 6.20-க்குக் கல்லிடையில் கிளம்பினோம். 7.25-க்கு கே.டி.சி. நகர். வல்லநாட்டுப் பாலத்தில் தடை எதுவும் இல்லை. 7.55-க்கு வாகைக்குளம். பெட்டி போட்டு, சோதனை முடிந்து உட்கார்ந்தபோது 8.40. அங்கே ஒரு மணி நேரம் சும்மா இருந்தோம், ஆனால் மூச்சு வாங்காமல் நிதானமாகப் போனது அப்பாவுக்கு நல்லதாக இருந்தது. 9.50-க்கு விமானம் நகர்ந்தது, 9.57-க்குத் தரையை விட்டது. சென்னையில் சக்கரம் தொட்டது 11.12. அப்படியென்றால் பறந்தது ஒன்றே கால் மணி. நின்று கதவு திறக்க 11.25 ஆகிவிட்டது, பெட்டி வர 11.50. அக்கா வீட்டுப் படியேறியது 12.45. மொத்தம் 6 மணி 25 நிமிடம். கணக்காசிரியர் அண்ணாச்சி சொன்னதில் ஐந்து நிமிடம்தான் வித்தியாசம்.

இறங்கும்போது அப்பாவுக்குக் காது அடைத்து வலித்தது, பையில் சில்லுக்கருப்பட்டி வைத்திருந்தேன், வாயில் போட்டுச் சப்பச் சொன்னேன், எச்சில் விழுங்க விழுங்கச் சரியாகிவிட்டது. அதை ஏறும்போதே கொடுத்திருக்கலாம். சக்கர நாற்காலி ஆட்கள் இரண்டு இடத்திலும் ரொம்பப் பக்குவமாக நடந்துகொண்டார்கள்.

அப்பாவுக்கு இடது பக்கம் ஜன்னல் இருக்கை கிடைத்தது. ஏடிஆரில் இறக்கை மேலே இருப்பதால் கீழே எல்லாம் மறைக்காமல் தெரியும் என்று பக்கத்தில் இருந்த பையன் சொன்னான். கடல் பக்கமாகத்தான் ஏறினோம், திரும்பியபோது தூத்துக்குடி உப்பளங்கள் கட்டம் கட்டமாக வெள்ளையாகத் தெரிந்தன. இடது கண்ணால்தான் பார்த்தார், வலது கண்ணில் நடுவில் எதுவும் தெரியாதே. தூத்துக்குடியில் எத்தனை தடவை மூட்டை ஏற்றியிருக்கிறேன், மேலிருந்து பார்த்தால் இப்படியா இருக்கும் என்று கேட்டார், உப்பளம் மறைகிற வரை முகத்தைத் திருப்பவில்லை.

இப்போது குப்புறப் படுக்கும் நாட்கள் முடிந்துவிட்டன. கோடு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அவரே சொல்கிறார். அடுத்த பரிசோதனை முடிந்ததும் நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்புகிறோம், இரண்டு தேதிக்கு எடுத்திருக்கிறேன், இரண்டிலும் கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கிறது. காலையில் செங்கோட்டை பாசஞ்சருக்கு எந்த நடைமேடைக்குப் போக வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள், அப்பாவால் மேம்பாலப் படி ஏற முடியாது.


கே.டி.சி. நகர் வண்டிக்காரன்:

தங்கச்சி, நடைமேடை அன்றைக்கன்றைக்கு மாறும். படி ஏற வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது, பேட்டரி காரும் கேட்டுப் பாருங்கள். அதுவும் தோதுப்படாவிட்டால் எனக்கு எழுதுங்கள், ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நிற்கிறேன்.